எல்லாவற்றுக்கும் ‘சரிங்க’

எங்கள் பக்கத்துத் தெருப் பாய்க்கு ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை உண்டு. தினம் சாயங்காலம் ஒன்று. இதயம் தாளம் தப்பி அடிப்பதால் உள்ளே ரத்தம் கட்டிக்கொண்டு மூளைப் பக்கம் போய்விடக் கூடாதே என்பதற்காக. அதைப் போட வேண்டிய நாளில் போடாவிட்டால் ஆபத்து. போடக் கூடாத நாளில் போட்டால் அதுவும் ஆபத்து. இந்த இரண்டாவது பாதியை என் புரோகிராமுக்குச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்பதுகூட எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் மரியாதை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

சென்னையில் இருபது வருடம் கம்பெனிகளுக்குப் புரோகிராம் எழுதியவன் நான். அதே வேலையைக் காரைக்குடியில் மாடியறையில் கைலியோடு உட்கார்ந்து செய்யலாம் என்று தெரிந்த அன்றே மூட்டை கட்டினேன். இடையிடையே பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரைகளும் எழுதுவதுண்டு. இரண்டு தொழிலிலும் என்மேல் ஒரே புகார்தான்: தேவைக்கு மேல் சாமர்த்தியம் காட்டுகிறேன்.

அக்கா ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுப் பெரிய பெரிய வீடுகளில் ஒற்றை ஆளாக இருப்பவர்களுக்குக் காலையும் மாலையும் நர்ஸ் அனுப்புகிறாள். காலையில் போகிறவர் நோட்டில் எழுதிவைப்பார். சாயங்காலம் போகிறவர் அதைப் படித்துச் செய்வார். நோட்டுகள் தொலைந்தன. ஒன்றை மாடு தின்றது. ஒரு நாள் அக்கா மாடியேறி வந்தாள்.

“டேய், ஊரு உலகத்துக்கெல்லாம் எழுதுற. எனக்கு ஒண்ணு எழுதித் தாயேன். போன்ல பாக்குற மாதிரி.”

நான் எடுத்துக்கொண்ட கம்ப்யூட்டர் மொழிக்கு ஒரு ரத்தினத்தின் பெயர். அதில் பிளாக் என்று ஒன்று உண்டு. செய்ய வேண்டிய சில வரிகளை ‘டூ’ என்று தொடங்கி ‘எண்டு’ என்று முடித்துப் பொட்டலமாகக் கட்டி இன்னொருவர் கையில் கொடுத்துவிடலாம். வாங்கிக்கொண்டவர் அதை எப்போது பிரிப்பார், பிரிப்பாரா மாட்டாரா என்பதெல்லாம் கொடுத்தவருக்குத் தெரியாது. நம்பிக்கைதான். இதற்கு மேல் இன்னொரு வித்தையும் அந்த மொழிக்குத் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும்போதே தனக்குத் தானே புதுச் சொற்களைச் சேர்த்துக்கொள்ளும். காலையில் தெரியாத வேலை மதியம் அதற்குத் தெரிந்திருக்கும். புரோகிராமை எழுதுகிற புரோகிராம். இதைச் செய்யத் தெரிந்தவர்கள் எங்கள் தொழிலில் நெஞ்சை நிமிர்த்தி நடப்பார்கள். நான் வயிற்றையும் சேர்த்து நிமிர்த்தி நடந்தேன்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிளாக். அதற்குள் நர்ஸ்கள் எழுதத் தமிழிலேயே ஐந்து சொற்கள் செய்துகொடுத்தேன்: மாத்திரை, ஊசி, சொட்டு, பிரஷர் பார், சர்க்கரை பார். காலையில் எழுதினால் சாயங்கால நர்ஸின் போனில் வேலைப் பட்டியலாகப் போய் நிற்கும். தினசரி மாத்திரையை ஒருமுறை எழுதினாலே போதும், அதன்பின் தினமும் தானாக வரும். அவர் முடித்துவிட்டுத் தொட்டால் ‘கொடுத்தாச்சு’ என்று பச்சையாகும்.

முதலில் பாய் வீட்டில் வைத்துத்தான் சோதித்துப் பார்த்தோம். பாய் பினாங்கில் முப்பது வருடம் கடை நடத்திவிட்டுத் திரும்பியவர். மனைவி இல்லை. ஒரே மகள் துபாயில். தினமும் பதினொரு மணிக்கு அவர் வீட்டில் எனக்கு ஒரு டீ உண்டு. அதற்கு ஈடாக அவருடைய பினாங்குக் கதைகளில் ஒன்றை நான் முதல் தடவை கேட்பதுபோல் கேட்க வேண்டும். அன்று மானகிரியிலிருந்து பஸ்ஸில் வரும் காலை நர்ஸும் அங்கே இருந்தார். நாற்பது வயது, கறாரான ஆள். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சார், கடைசியில ‘எண்டு’ன்னு இருக்கே, அது ஆளு போயிட்டா போடுறதா?”

“இல்லம்மா, அது எல்லாருக்கும் இருக்கும்.”

“அதைத்தானம்மா தம்பியும் சொல்றாக,” என்றார் பாய். “எல்லாருக்கும் இருக்கும். எனக்குத் தம்பி இப்பவே போட்டுட்டாக. மவுத்தானதும் யாரும் தேட வேண்டியதில்ல.”

சிரித்தோம். டீ நன்றாக இருந்தது.

முதல் வாரத்திலேயே வம்பு வந்தது. மானகிரி நர்ஸ் ஒரு வீட்டில் ‘காலை அமுக்கிவிடு’ என்று எழுதியிருக்கிறார். அப்படி ஒரு சொல்லை நான் செய்துவைக்கவில்லை. போன் முழுக்கச் சிவப்பில் ஆங்கிலம். அந்தச் சொல் தனக்குத் தெரியாது என்பதை அந்த மொழி பத்து வரியில் சொல்லும். அக்கா மறுபடி மாடியேறினாள்.

“அந்தப் பிள்ளை அழுகுதுடா. செவப்பு செவப்பா என்னமோ திட்டுச்சாம்.”

“திட்டலக்கா. அந்த வார்த்தை தெரியலைங்குது.”

“தெரியலைன்னா மூஞ்சியில அடிச்ச மாதிரியா சொல்றது? நம்ம ஊர்ல எவன்டா அப்படிச் சொல்றான்?”

அதில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கம் எதையும் நேருக்கு நேர் இல்லை என்று சொல்லும் வழக்கம் கிடையாது. கல்யாணத்துக்கு அழைத்தால், அன்றைக்கு மலேசியாவுக்கு டிக்கெட் போட்டு வைத்திருப்பவர்கூட “வந்துர்றோம்ல” என்பார். கடையில் இல்லாத சாமானைக் கேட்டால், “சாயங்காலம் இங்குட்டு வந்தா வாங்கிக்கிரலாம்” என்பார்கள். கேட்டவர் சாயங்காலம் போக மாட்டார். சொன்னவரும் எதிர்பார்க்க மாட்டார். இரண்டு பேருக்கும் மனக்கசப்பு இல்லை. பந்தியில் எத்தனை இலை போடுவது என்று எங்கள் ஊர்ச் சமையல்காரர்கள் வந்த பதில்களை வைத்துக் கணக்குப் பண்ணுவதில்லை. சொன்னவரின் முகத்தை வைத்துப் பண்ணுவார்கள். புரோகிராமுக்கு முகம் கிடையாது. அந்த வித்தியாசம் அன்று எனக்கு உறைக்கவில்லை.

அந்த மொழியில், யாருக்கும் தெரியாத சொல் எல்லா அறைகளையும் தட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியாக வந்து நிற்கும் வாசல் ஒன்று உண்டு. அங்கே நாம் விரும்பியதை எழுதிவைக்கலாம். நான் நான்கு வரி எழுதினேன். எந்தச் சொல் வந்தாலும் முதலில் ‘சரிங்க’ என்று சொல். பிறகு அந்தப் பெயரில் ஒரு புதுச் சொல்லை அப்போதே உனக்குள் சேர்த்துக்கொள். அதற்கு ஒரு பிளாக் வேண்டுமே, காலிப் பிளாக் ஒன்றைக் கொடுத்துக்கொள். அதற்குள் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பிறகு, ஆற அமர, நான் எழுதுவேன்.

நான்கே வரி. எழுதி முடித்த கையோடு கீழே இறங்கிப்போய் எனக்கு நானே ஒரு காபி போட்டுக்கொடுத்தேன்.

அதன்பின் சிவப்பு வரவில்லை. நர்ஸ்கள் எதை எழுதினாலும் ‘சரிங்க’. நான் ஒருமுறை விளையாட்டாக ‘கந்தரப்பம்’ என்று ஒரு பலகாரத்தின் பெயரை அடித்துப் பார்த்தேன். ‘சரிங்க’ என்றது. அக்காவுக்கு வாயெல்லாம் பல். “இப்பத்தான்டா நம்ம ஊருப் புள்ள மாதிரி இருக்கு.”

ஒரு மாதம் கழித்து, புரோகிராம் தானாகக் கற்றுக்கொண்ட சொற்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நூற்றுக்கு மேல் இருந்தன. ‘சீனி டப்பாவை ஒளிச்சு வை.’ ‘ஜன்னலைத் திற.’ ‘மகன் போன் பண்ணலைன்னு சொல்லாதே.’ ‘கொஞ்ச நேரம் பேசு.’ அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவனுக்கு வரும் வியாதி எனக்கு வந்தது. அவற்றை வேலைகளாகப் பார்க்காமல் இலக்கியமாகப் பார்த்தேன். இதை வைத்து ஒரு கட்டுரை எழுதலாம் என்று குறித்துவைத்தேன். ஒவ்வொன்றும் ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸுக்குக் கட்டிக்கொடுத்த பொட்டலம், ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை, எல்லாம் என் கடைசி வாசலில் காலியாகக் குவிந்து கிடக்கின்றன என்பது என் மண்டையில் ஏறவில்லை. சாயங்கால நர்ஸின் வேலைப் பட்டியலுக்குப் போவது நான் செய்துகொடுத்த ஐந்து சொற்கள் மட்டும்தான்.

அறிகுறிகள் இல்லாமல் இல்லை. மானகிரி நர்ஸும் சாயங்கால நர்ஸும் பேசிக்கொள்வதை நிறுத்தியிருந்தார்கள். “மூணு தடவை எழுதிட்டேன்க்கா, ஜன்னலைத் திறக்கச் சொல்லி. என்ன திமிரு பாருங்க” என்று இவர். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதில்ல, எல்லாம் நானாத் தெரிஞ்சுக்கணுமாக்கும்” என்று அவர். பொம்பளைகள் சண்டை என்று நான் ஒதுங்கிக்கொண்டேன். அந்த மாதமே ஆத்தங்குடி ரோட்டில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர் காலமானார். காலையில் நர்ஸ் போனபோது நாற்காலியில் சாய்ந்தபடியே இருந்திருக்கிறார். எண்பது தாண்டியவர், கல்யாணச் சாவு என்றார்கள். அவர் வீட்டுப் பிளாக்கை நீக்கினேன். ஒரு விசையைத் தட்டினால் போய்விடும்.

பிறகு பாய்க்குக் கடைவாய்ப் பற்கள் மூன்று ஆட ஆரம்பித்தன. பல் டாக்டரம்மா, மூன்றையும் எடுத்துவிடலாம், ஆனால் இதய டாக்டரைக் கேட்டு வாருங்கள் என்றார். இதய டாக்டர் ஐந்து நாள் முன்னதாக ரத்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார். மானகிரி நர்ஸ்தான் கூடப் போயிருந்தார். திரும்பி வந்ததும் பாய் வீட்டுப் பிளாக்கில் எழுதினார். அக்கா அந்த வாரம் மகள் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தாள்.

பல் எடுக்கிற அன்று காலை பதினொரு மணிக்கு எனக்கு டீ இல்லை. பாய் ஆஸ்பத்திரிக்குப் போகிறாரே. கிடைத்த நேரத்தில் அந்தக் கட்டுரையை எழுதிவிடலாம் என்று சொல் பட்டியலைத் திறந்தேன். எந்த வீட்டிலிருந்து எத்தனை சொல் என்று பிரித்துப் பார்த்தேன். பாய் வீட்டிலிருந்து கடைசி ஐந்து நாளில் நாளைக்கு ஒன்றாக ஐந்து வந்திருந்தன. சுவாரசியமாக இருக்கும் என்று அவற்றை முதலில் படித்தேன்.

நிறுத்து.

ரத்த மாத்திரையை நிறுத்து.

குடுக்க வேணாம்.

பாய்க்குப் பல்லு எடுக்குறாக, குடுக்காதீக.

தயவுசெஞ்சு குடுக்காதீக.

ஒவ்வொன்றுக்கும் எதிரே என் புரோகிராம் ‘சரிங்க’ என்று சொல்லியிருந்தது. சாயங்காலப் பத்தியைப் பார்த்தேன். ஐந்து நாளும் பச்சை. கொடுத்தாச்சு, கொடுத்தாச்சு, கொடுத்தாச்சு, கொடுத்தாச்சு, கொடுத்தாச்சு.

கொடுப்பதற்கு ஐந்து சொல் செய்தவன், கொடுக்காமல் இருப்பதும் ஒரு வேலை என்று நினைக்கவே இல்லை.

பாய்க்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மானகிரி நர்ஸும் எடுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். செக்காலை ரோட்டில் ஒரு கல்யாண ஊர்வலம். மாப்பிள்ளை காரில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாதஸ்வரக்காரர் நடுரோட்டில் நின்று ஒரு சங்கதியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஹாரன் அடித்தேன். கூட்டத்தில் ஒருவர் திரும்பி, மிகுந்த மரியாதையோடு, “போகலாம் போகலாம்” என்றார். யாரும் நகரவில்லை.

பல் ஆஸ்பத்திரி வாசலில் மானகிரி நர்ஸ் கையில் போனோடு நின்றார்.

“எத்தனை பல்லும்மா எடுத்தாக?”

“ஒண்ணு சார். அரை மணி ஆச்சு. ரத்தம் நிக்க மாட்டேங்குது.”

“மாத்திரை நிறுத்தலம்மா. அஞ்சு நாளும் சாயங்காலம் குடுத்திருக்காக.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். “டாக்டரம்மா கேட்டாக சார், நிறுத்தியாச்சான்னு. நான் இதைத்தான் காட்டுனேன். சரிங்கன்னு போட்டிருக்குல்ல? எனக்கும் லேசாச் சந்தேகந்தான். அதான் தெனம் வேற வேற மாதிரி எழுதிப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் சரிங்கன்னுச்சே சார்.”

“எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே?”

“நீங்க வேலையா இருப்பீக, அதான் சரிங்கன்னுடுச்சேன்னு…” சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். இன்னொரு நர்ஸிடம் ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்கவில்லை. அந்தப் பதில் எனக்குத் தெரியும். அந்த ஜன்னலைத் திறக்காமல் வைத்திருந்தவன் நான்.

உள்ளே பாய் நாற்காலியில் சாய்ந்திருந்தார். வெள்ளைச் சட்டையின் மார்பில் ஒரு துண்டு விரித்திருந்தார்கள். அது வெள்ளையாக இல்லை. டாக்டரம்மா பஞ்சை மாற்றினார், தையல் போட்டார், பஞ்சை மறுபடி மாற்றினார். முதலில் ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. பேசிக்கொண்டே வேலை செய்கிறவர் பேச்சை நிறுத்தினால் அறை எவ்வளவு சின்னதாகிவிடுகிறது என்று அன்றுதான் பார்த்தேன். “இன்னும் ரெண்டு பல்லை நான் தொடலை சார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருங்க. நான் அங்க பேசிடுறேன்.”

ஆம்புலன்ஸில் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாயில் பஞ்சு, பேச முடியாது. பிடி முதலில் இறுக்கமாக இருந்தது. ரயில்வே கேட் பக்கம் போகும்போது அவ்வளவு இறுக்கமாக இல்லை.

அங்கே ரத்தம் உறைவதற்கு ஊசி போட்டார்கள். பிறகு மஞ்சளாக ஒரு பை பிளாஸ்மா ஏற்றினார்கள். ரத்தத்தைச் சோதித்த டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “யாரு மாத்திரை குடுத்தது?” என்றார். நான் என்று சொல்ல வாயெடுத்து, “வீட்ல நர்ஸ் வாராக” என்றேன். மானகிரி நர்ஸ் பக்கத்தில்தான் நின்றார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இதை எழுதும்போதும் அந்த வரியை வெட்டிவிடலாமா என்று ஒரு யோசனை ஓடுகிறது.

துபாயிலிருந்து மகள் கூப்பிட்டாள். “மாமா, வாப்பா நல்லா இருக்காகளா?”

“நல்லா இருக்காகம்மா. ஒண்ணுமில்ல” என்றேன். அப்போது அவள் அப்பா கண்ணை மூடியிருந்தார். நன்றாக இருக்கிறாரா என்று அங்கே யாருக்கும் தெரியாது. நானும் அந்தப் புரோகிராமும் ஒரே ஊர்க்காரர்கள்தான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் பஞ்சு சிவக்காமல் வெளியே வந்தது. பாய் கையை ஆட்டித் தாள் கேட்டார். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் நடுங்கிய எழுத்தில் எழுதினார்: ‘அந்தப் புள்ள சாயங்காலம் வரும்போது நான் கேட்டேன். நிறுத்தணும்னாகளேன்னு. போன்ல குடுக்கச் சொல்லுதுன்னுச்சு. தம்பி எழுதுனதுன்னா சரியாத்தான் இருக்கும்னு முழுங்குனேன்.’

அடியில் இன்னொரு வரி இருந்தது. ‘எண்டு இன்னும் போடலையே?’

நான் சிரிக்க முயன்றேன். அவர் சிரிக்கவில்லை, நிஜமாகவே பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். அக்காவும் வந்துவிட்டாள். அந்த நான்கு வரியை நீக்கினேன். ‘நிறுத்து’ என்று ஒரு சொல் செய்தேன். தெரியாத சொல் வந்தால் இப்போது போன் தமிழில், சிவப்பில், பெரிய எழுத்தில், ‘எனக்குத் தெரியாது, யாரும் பார்க்க மாட்டார்கள், உடனே கூப்பிட்டுச் சொல்லுங்கள்’ என்கிறது. அழகாக இல்லை. நர்ஸ்கள் இப்போது ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்கிறார்கள், பெரும்பாலும் திட்டுவதற்கு.

“மிச்சமெல்லாம் எங்க?” என்றாள் அக்கா.

“எது?”

“இந்தப் புள்ளைக எழுதி, உன் போனு சரிங்க சரிங்கன்னு முழுங்குனது. எடு. ஒவ்வொண்ணாப் படி. எந்த வீடு, என்னன்னு நான் போய்ப் பாத்துட்டு வாரேன்.”

படிக்கத் தொடங்கினேன். அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழையபடி ஒரு நோட்டில் எழுதினாள். சீனி டப்பா. ஜன்னல். மகனின் போன். கட்டுரைக்கு என்று நான் கோடு போட்டு வைத்திருந்த வரிகளை இப்போது வேறு குரலில் படிக்க வேண்டியிருந்தது. முப்பதோ நாற்பதோ தாண்டியிருக்கும். ஒரு சொல்லில் நின்றேன். வீட்டுப் பிளாக்கை நீக்கினாலும், அந்த வீட்டிலிருந்து வந்த சொல் புரோகிராமை விட்டுப் போகாது. சேர்த்துக்கொண்டது சேர்த்துக்கொண்டதுதான்.

“என்னடா?”

“ஆத்தங்குடி ரோட்டுக்காரரு வீட்டுலேர்ந்து வந்தது.”

“படி.”

“‘நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்குது, டாக்டரக் கூட்டியாரணும்.’”

அக்கா பேனாவை நோட்டில் வைத்தாள். “எப்ப எழுதுனது?”

“அவரு போறதுக்கு ஒம்பது நாளு முந்தி.”

கீழே தெருவில் குக்கர் ரிப்பேர்க்காரர் கத்திக்கொண்டு போனார். அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள். அவருக்கு வயசாகிவிட்டது, எப்படியும் நடந்திருக்கும் என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொன்னால் ஒத்துக்கொள்வதற்கு நான் தயாராக இருந்தேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனாவை எடுத்தாள்.

“அடுத்தத படி,” என்றாள்.